ஹனோயில் ஒரு நாள் மொழிபெயர்ப்பாளன்

புரட்டாசி பிறந்துவிட்டால் நாமக்கல் பக்கத்தில் முட்டையையும் கோழியையும் கேட்க ஆள் இருக்காது. ஊரே கறியை விட்டுவிடும். பண்ணைக்காரர்களுக்கும் தீவன வியாபாரிகளுக்கும் ஆண்டில் கை ஓய்கிற மாதம் அதுதான். அதனால் எங்கள் பக்கத்துச் சுற்றுலாக்காரர்கள் வெளிநாட்டுப் பயணங்களைப் புரட்டாசி பார்த்துத்தான் போடுகிறார்கள். பவானி கூடுதுறைக்குப் போய் முன்னோர்களுக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வரவேண்டிய ஒரு வேன் ஆட்கள், போன வருடம் மகாளய அமாவாசையன்று வியட்நாமின் ஹனோய் நகரத்தில் போய் இறங்கி நின்றது இப்படித்தான்.

அன்றைய நிகழ்ச்சிக்குத் ‘தெரு உணவும் நகர உலாவும்’ என்று பெயர். கறிக்கும் மீனுக்கும் பேர்போன தெருக்களில் காலையிலிருந்து மாலைவரை தின்றுகொண்டே ஊர் பார்ப்பது. கறி தொடாத மாதத்தில் அதற்குப் பணம் கட்டியிருந்தோம். கட்டும்போது ஒருவருக்கும் இது உறைக்கவில்லை. நானும் கட்டினேன். நான் கால்நடைக் கல்லூரி ஒன்றில் கோழித் தீவனம் பற்றி முப்பது வருடத்துக்கு மேல் பாடம் நடத்தியவன். முட்டையில் ஆராய்ச்சி செய்து முனைவர் பட்டம் வாங்கியவன். யோசிக்கத் தெரியாதவன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

மற்றவர்களுக்குப் புரட்டாசி ஒரு வழக்கம். என் மனைவிக்கு அது வேறு. எனக்கு நெஞ்சடைப்பு வந்து, சேலத்தில் இதயக் குழாய்க்குள் ஸ்டென்ட் என்கிற வலைக்குழாய் வைத்தபோது, அவள் மலைமேல் இருக்கும் பெருமாளிடம் வேண்டிக்கொண்டாள். மூன்று புரட்டாசி, மாதம் முழுக்க, கறி மீன் முட்டை எதுவும் தொடுவதில்லை. முட்டை கலந்த கேக், பிஸ்கட்கூட. அது மூன்றாவது புரட்டாசி. அந்த மாதம் நல்லபடியாகக் கடந்தால் வேண்டுதல் முடிந்துவிடும்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. “என்னைப் பொழைக்க வெச்சது டாக்டருடா சாமி,” என்று பேரனிடம் அவள் காதில் விழும்படி சொல்வேன். “டாக்டரு கைய ஆருங்க புடிச்சுக்கிட்டிருந்தது?” என்று சமையலறையிலிருந்து பதில் வரும்.

அன்று காலை விடுதி வாசலில் வழிகாட்டி வந்து நின்றாள். முப்பது வயதுக்குள் இருக்கும். கையில் சின்ன மஞ்சள் கொடி. அவளுக்கு ஆங்கிலம்தான் தெரியும். எங்களோடு வந்த தமிழ் மேலாளர் காய்ச்சலில் படுத்துவிட்டதால் மொழிபெயர்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. விழுந்தது என்று எழுதுகிறேனே, நான்தான் முந்திக்கொண்டு கையைத் தூக்கினேன். ஓய்வு பெற்றபின் என் பேச்சை ஒரு கூட்டம் நின்று கேட்டுப் பல வருடம் ஆகியிருந்தது.

வேனில் ஏறி உட்கார்ந்ததும், எங்களில் ஒருவரும் இந்த மாதம் கறி சாப்பிடுவதில்லை என்று அவளிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். முகம் சுருங்கும் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரித்தாள்.

“நல்ல நாளில்தான் சொல்கிறீர்கள். நிலா தெரியாத நாளில்தான் எங்களுக்குச் சந்திர மாதம் பிறக்கும். இன்று அதன் முதல் நாள். நிறையப் பேர் இன்று சைவம்தான் சாப்பிடுவார்கள். எந்தக் கடைக்குப் போக வேண்டும் என்று எனக்குத் தெரியும்.”

நான் இதைத் தமிழில் சொன்னதும் வேனில் ஒரே கூச்சல். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கோழிப்பண்ணைக்காரர், “அட, அமாவாசைய இவுங்களும் விடறதில்லீங்களா! அப்ப நம்ம சொந்தக்காரங்கதானுங்,” என்று தொடையில் தட்டினார். அவர் எனக்கு முப்பது வருடப் பழக்கம். என்னை விடச் சின்னவர். ஒரு காலத்தில் கோழிக்கு நோய் வந்தால் ராத்திரி என்றும் பார்க்காமல் என் கதவைத் தட்டியவர். என் மனைவியை அக்கா என்பார்.

முதலில் ஒரு சாலையைக் கடக்க வேண்டியிருந்தது. அங்கே சாலை என்பது இரு சக்கர வண்டிகளின் வெள்ளம். நிற்காது, குறையாது, இடைவெளி விடாது. “நிற்காதீர்கள், ஓடாதீர்கள், ஒரே சீராக நடங்கள். அவர்கள் உங்களைச் சுற்றிப் போய்விடுவார்கள்,” என்றாள் வழிகாட்டி. சங்ககிரியிலிருந்து வந்திருந்த லாரிக்காரர், இளவயதில் அஸ்ஸாம்வரை தானே ஓட்டிப் போனவர், நடைபாதை ஓரத்தில் வேர் பிடித்து நின்றுவிட்டார்.

“ஒரு லாரிய குடுங்க சார், அக்கட்டால கொண்டுபோய் நிறுத்திக் காட்டறன். நடந்து போகச் சொன்னா என்னால ஆகாதுங்.”

“இத்தன வருசம் நீங்க ஓட்டுன லாரிக்கு முன்னால நாங்க நடக்கலீங்களா?” என்றாள் என் மனைவி. சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, வழிகாட்டியின் கையைப் பிடித்து இறங்கிவிட்டாள். ஈரோட்டில் பேருந்து நிலையத்துக்கு எதிர்ப்பக்கம் போகவே என் சட்டையைப் பிடித்துக்கொள்கிறவள். வண்டிகள் அவளை ஒட்டி இரண்டாகப் பிரிந்து போயின. அந்தப் பக்கம் ஏறித் திரும்பி, கையை ஆட்டி எங்களைக் கூப்பிட்டாள். அவள் முகத்தை அப்படி நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அதன்பின் அன்று முற்பகல் பறந்தது. மஞ்சள் போட்டு வேகவைத்த பசையரிசிச் சோறு. அதன்மேல் அவித்துத் திரட்டிய பாசிப்பருப்பை ஒரு பெண் கத்தியால் சீவிச் சீவித் தூவினாள், வறுத்த வெங்காயம் போட்டு இலையில் மடித்துக் கொடுத்தாள். “இது நம்ம பொங்கலுக்குச் சின்னம்மா மவளுங்க,” என்றாள் என் மனைவி. அடுத்த சந்தில், கொதிக்கும் பானையின் வாயில் துணி இழுத்துக் கட்டி, அதன்மேல் அரிசி மாவை ஒரு கரண்டி விட்டு மூடி, கண்மூடித் திறப்பதற்குள் மூங்கில் பட்டையால் கண்ணாடிபோல மெல்லிய தோசை ஒன்றைத் தூக்கினார்கள். உள்ளே காளான் வைத்துச் சுருட்டல். எங்கள் வீட்டு இட்லித்துணிக்கு இப்படி ஒரு வேலை இருக்கும் என்று எங்களுக்குத் தெரியாமல் போயிற்று. பட்டையும் கிராம்பும் அன்னாசிப்பூவும் மணக்கிற சாற்றில் அரிசிச் சேமியா. கண்ணை மூடிக் குடித்தால் ஆம்பூர் பக்கம் போய்விட்டது போலிருந்தது, கறித்துண்டு ஒன்றுகூட இல்லாமலே.

உட்காருவதற்கு எங்கும் குழந்தைகளுக்கானது போன்ற பிளாஸ்டிக் முக்காலிதான். “எங்க பண்ணையில கோழிக்குத் தண்ணி வெக்கற ஒசரமுங்க இது,” என்று முனகிக்கொண்டே பண்ணைக்காரர் ஒவ்வொரு முறையும் உட்கார்ந்தார். ஒரு கடையில் அவித்த வாத்து முட்டை குவித்திருந்தது. பழக்கத்தில் ஒன்றை எடுத்துக் கையில் வைத்து எடை பார்த்தார். உள்ளே குஞ்சு உருவான முட்டை அது, அப்படியே சாப்பிடுவோம் என்று வழிகாட்டி சொல்ல, நான் தமிழில் சொன்னேன். முட்டையை இரண்டு கையாலும் ஏந்தித் திரும்ப வைத்தார். “பொரிக்காம நின்னுபோன முட்டைங்களா! நாங்க குழி தோண்டிப் பொதைக்கறதுங்க சார் இது. இத்தன வருசமா எவ்வளவு யாவாரத்தப் பொதைச்சிருக்கம் பாருங்க.”

ஒவ்வொரு கடையிலும் என் மனைவி ஒரே கேள்வியைக் கேட்டாள். “இதுல என்னென்ன சேத்தியிருக்குன்னு கேளுங்க.” நான் கேட்பேன். வழிகாட்டி கடைக்காரியிடம் கேட்டு, மீன் சாறுகூட இல்லை, சோயாதான் என்று உறுதிசெய்து சொல்வாள். நான் தமிழில் சொன்னபிறகே என் மனைவியின் கை தட்டுக்குப் போகும். ஒரு தடவைகூட என் சொல்லைச் சந்தேகித்து இன்னொரு முறை கேட்கவில்லை.

இலக்கியக் கோயில் என்று ஒன்று இருக்கிறது. பழைய காலத்துப் பல்கலைக்கழகம் என்றே சொல்லலாம். தேர்வில் தேறி முனைவர் ஆனவர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டி, ஒவ்வொரு கல்லையும் ஓர் ஆமையின் முதுகில் நிறுத்தியிருக்கிறார்கள். எனக்குப் பேச்சு நிற்கவில்லை. வழிகாட்டி இரண்டு வரி சொன்னால் நான் பத்து வரி சொன்னேன். படித்தவனுக்கு அந்தக் காலத்திலேயே என்ன மரியாதை பாருங்கள் என்றேன். எல்லாம் கேட்டுவிட்டு என் மனைவி, “பெயிலானவங்க பேரெல்லாம் எந்த ஆமை மேலீங்க?” என்றாள். வழிகாட்டி என்ன என்று கேட்க, நான் அதை மொழிபெயர்க்கவில்லை. எனக்கு வேண்டியதை மட்டும் சொல்லும் வழக்கம் அங்கேயே தொடங்கிவிட்டது என்று இப்போது தெரிகிறது.

பிற்பகலில் மற்றவர்கள் ஊர் நடுவிலிருந்த ஏரியைச் சுற்றி ரிக்‌ஷாவில் போனார்கள். நாங்கள் இருவரும் பண்ணைக்காரரும் மட்டும் வழிகாட்டியோடு, ஒரு குறுகிய மரப்படி ஏறி ஒரு காப்பிக் கடைக்குப் போனோம். அந்த ஊரின் முட்டைக் காப்பியைப் பற்றி நான் புறப்படும் முன்பே படித்திருந்தேன். மஞ்சள் கருவைக் கெட்டிப்பாலோடு நுரை பொங்க அடித்து, கறுப்புக் காப்பியின்மேல் ஊற்றுவது. பயணத்துக்குப் பணம் கட்டியதே பாதி அதற்காகத்தான்.

வழிகாட்டி மாடிப்படியிலேயே என்னைத் தனியாக நிறுத்திச் சொன்னாள். “இதில் முட்டை இருக்கிறது. உங்கள் மனைவிக்கு ஆகாது. அவருக்குத் தேங்காய்ப்பால் காப்பி சொல்லட்டுமா? அதுவும் நன்றாக இருக்கும்.”

“வேண்டாம். இதற்கு அவள் ஒத்துக்கொண்டாள்,” என்றேன்.

“எனக்குத் தேநீர் போதும். முதல் நாளில் நானும் முட்டை சாப்பிடுவதில்லை,” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

“அந்தப் புள்ள என்னங்க சொல்லுது?” என்றாள் என் மனைவி.

“பாலையும் சக்கரையையும் அடிச்சு, நுரையா மேல ஊத்தறாங்களாம்.”

“முட்டை கிட்டை இல்லீங்களே?”

“இல்ல, அம்மிணி.”

ஏன் சொன்னேன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். வாழ்நாள் முழுக்க முட்டையைப் பற்றிப் பேசிய என்னிடம், அதன் உச்சம் ஒரு கோப்பையில் வந்து உட்காரப்போகிறது. அதை அவள் ருசிக்காமல் போவது எனக்குத் தாங்கவில்லை என்று முதலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. வேண்டுதல் என்பதே வெறும் பேச்சு, தெரியாமல் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது என்பதை எனக்குள்ளாவது நிரூபித்துவிட வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. அவளுடைய மூன்று வருடத்தை நான் சோதனைக் கோழிபோலப் பயன்படுத்தினேன்.

வெந்நீர்க் கிண்ணத்துக்குள் நிறுத்திய சின்னக் கோப்பைகள் வந்தன. மேலே சந்தன நிறத்தில் நுரை. பண்ணைக்காரர் ஒரு வாய் வைத்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். காதருகே குனிந்து, “சார், இது நம்ம சரக்குங்களே,” என்றார். நான் அவர் முழங்காலை அழுத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

என் மனைவி கரண்டியில் நுரையை எடுத்து வாயில் வைத்துக் கண்ணை மூடினாள். “பால்கோவாவக் கரைச்சு ஊத்துனாப்பல இருக்குதுங்க!” என்றாள். இன்னொரு கரண்டி. பிறகு எடுத்த மூன்றாவதை என் பக்கம் நீட்டியவள், பாதியில் நிறுத்தி, “காப்பி நெம்பக் கெட்டியா இருக்குது. உங்க நெஞ்சுக்கு ஆகுமுங்களா?” என்று கேட்டாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். கரண்டிக்கு வாயைத் திறந்தேன்.

கோப்பை பாதியாவதற்குள் அவளுக்கு இதை வீட்டில் செய்ய வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. என்னைக் கேட்காமல் நேராக வழிகாட்டியின் கையைத் தொட்டாள். “சாமி, இத எப்படிப் பண்றது?” என்று கோப்பையைக் காட்டி, கரண்டியால் கலக்குவதுபோலக் கையைச் சுற்றினாள். கேள்வி வழிகாட்டிக்குப் புரிந்துவிட்டது. உற்சாகமாக முக்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். ஒரு கையில் எதையோ எடுத்து, கோப்பை விளிம்பில் தட்டி, இரண்டு கட்டை விரலாலும் பிளந்து, ஒரு ஓட்டிலிருந்து மறு ஓட்டுக்கு மாற்றி மாற்றி, வெள்ளையை வழியவிட்டு மஞ்சளைப் பிரித்துக் காட்டினாள்.

நாமக்கல்லில் அந்தக் கைக்கு மொழிபெயர்ப்பாளன் தேவையில்லை.

என் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து முட்டை வடிவம் பிடித்து வழிகாட்டியிடம் காட்டினாள். அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். அப்புறம் என் மனைவியின் முகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. எழுந்து நின்று, என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, ஆங்கிலத்தில் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டாள்.

“அக்கா, நான் கீழ போய் வண்டி வந்துருச்சான்னு பாக்கறனுங்,” என்று பண்ணைக்காரர் எழுந்தார். நாங்கள் நடந்து வந்திருந்தோம். இருந்தாலும் போனார்.

“அந்தப் புள்ள மன்னிப்புக் கேக்குது,” என்றாள் என் மனைவி. “நீங்க கேக்கலீங்க.”

கேட்டேன். தெரியாமல் நடந்ததுபோலச் சொல்ல ஒரு கணம் வாய் வந்தது. அதை விட்டுவிட்டு, தெரிந்தே பொய் சொன்னேன் என்றேன். வழிகாட்டிக்கும் ஆங்கிலத்தில் அதையே சொன்னேன். அன்று நான் சரியாக மொழிபெயர்த்த வாக்கியங்களில் எனக்குக் கடினமாக இருந்தது அது ஒன்றுதான்.

“எனக்குன்னு நேந்துக்கிட்டது கெட்டிருந்தா நான் அழுதிருக்க மாட்டனுங்க. இது உங்க உசுருக்கு இருந்தது,” என்று சொல்லும்போதே அவள் கண்ணில் நீர் வழிந்தது. அழுதது அவ்வளவுதான். முந்தானையால் துடைத்துக்கொண்டு, வழிகாட்டியின் தோளைத் தொட்டு, இரண்டு கையையும் கூப்பிக் காட்டினாள். கோயில் எங்கே என்கிறாள் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அந்தப் பெண் தலையாட்டிவிட்டாள்.

பக்கத்திலேயே ஒரு பகோடா, அதாவது பௌத்தக் கோயில். முதல் நாளாதலால் உள்ளே நிற்க இடமில்லை. பூவும் பழமும் தட்டுத் தட்டாக உள்ளே போய்க்கொண்டிருந்தன. ஊதுபத்திப் புகையில் கண் எரிந்தது. நான் வாசல் கல்லில் நின்றேன். வழிகாட்டி ஊதுபத்திகளைப் பற்றவைத்துக் கொடுத்தாள். இரண்டு பெண்களும் பக்கம் பக்கமாக நின்று, அவரவர் மொழியில் எதையோ சொல்லிக் கும்பிட்டார்கள். அந்தப் பெண் காப்பிக் கடையில் ஏன் தேநீர் குடித்தாள் என்பதை அங்கேதான் என் மனைவி சைகையிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறாள். அதையும் நான் சொல்லாமல் விட்டேன் என்பதும் அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

வெளியே வந்ததும் என்னிடம் சொன்னாள். “மொதல்லருந்து ஆரம்பிக்கறதுன்னு சாமிகிட்டச் சொல்லிப்போட்டனுங்க. இன்னும் மூணு புரட்டாசி.”

“அந்த வெரதத்த நான் இருக்கறன் அம்மிணி. கெடுத்தது நான்தான.”

“உங்களுக்குத்தான் நம்பிக்கை இல்லீங்களே.”

“நம்பிக்கை இல்லாம இருந்தா செல்லாதா?”

சற்று யோசித்தாள். “நாக்கு கேக்கறப்ப வேண்டாம்னு சொல்றது எல்லார்த்துக்கும் ஒரே கஷ்டந்தானுங்க. இருங்க. ரெண்டு பேருமே இருக்கலாம்.” பிறகு விரலை நீட்டினாள். “ஆனா மூணு வருசமும் இருந்து முடிக்கோணும். பாதியில எங்கியும் போயிரக் கூடாது.”

எங்கே போவது பற்றிச் சொல்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது.

மிச்ச நாள் கெட்டுப்போகும் என்று நினைத்தேன். கெடவில்லை. “அடுத்து எங்க சாமி?” என்று அவளே வழிகாட்டியின் கொடியை வாங்கிப் பிடித்துக்கொண்டாள். ஒரே தொழிலுக்கு ஒரே தெரு என்று பழைய நகரம் முழுக்கத் தெருக்கள். வெள்ளித் தெருவில் ஒரு சங்கிலியை எடுத்துக் கொக்கியைத் திருகிப் பார்த்து, “எங்க சேலத்துக் கொலுசுல இப்படி இருக்காது,” என்று தமிழிலேயே கடைக்காரியிடம் சொன்னாள். கடைக்காரி தன் மொழியில் ஏதோ வாதாடினாள். இருவரும் சிரித்தார்கள். தாமரை விதையும் பயறும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த குளிர்ந்த பாயசக் கடையில், என்னைத் திரும்பியே பார்க்காமல், கையால் கோழி, கையால் மீன், விரலால் முட்டை என்று வழிகாட்டிக்கு வரிசையாகக் காட்டினாள். ஒவ்வொன்றுக்கும் அந்தப் பெண் இல்லை என்று தலையாட்டியபிறகே கிண்ணத்தைத் தொட்டாள். ஒன்று முடித்து இன்னொன்று வாங்கினாள். ஏரியின் சிவப்புப் பாலத்தில் விளக்குப் போட்டதும் குழந்தைபோல ஓடினாள்.

நான் பண்ணைக்காரரோடு பின்னால் நடந்தேன்.

“சார், பதவி போயிருச்சுங்களா?” என்றார்.

“போயிருச்சு.”

“எனக்கும் ரண்டு நாளைக்கி அக்கா மொகங்குடுத்துப் பேசாதுங்க. முழங்கால அழுத்துனது நீங்க, திட்டு எனக்கும்.”

இந்தப் புரட்டாசி எங்களுக்கு முதல் வருடம். வீட்டில் முட்டை இல்லை. பண்ணைக்காரர் வழக்கம்போல ஓர் அட்டை முட்டை கொடுத்தனுப்பியதை நானே திருப்பி அனுப்பினேன். ருசி மறக்கவில்லை; மறக்க முயலவும் இல்லை. மருந்துக்கடையில் மாத்திரை எப்போது போடவேண்டும் என்று நான் படித்துச் சொன்னபிறகு, அவள் கடைக்காரரிடம் இன்னொரு முறை கேட்டுக்கொள்கிறாள். அவர் சொல்லி முடிக்கும்வரை நான் பக்கத்தில் நிற்கிறேன்.

அந்த வழிகாட்டிப் பெண் ஒவ்வொரு அமாவாசைக்கும் தான் சாப்பிடும் சைவத்தட்டைப் படம் எடுத்து என் மனைவிக்கு அனுப்புகிறாள். இவள் கீரைக் கடைசலையும் ரசத்தையும் படம் எடுத்துப் பதிலுக்கு அனுப்புகிறாள். போன வாரம் படத்தோடு இரண்டு வரி ஆங்கிலமும் வந்திருந்தது. படித்துச் சொல்லவா என்றேன்.

“வேண்டாமுங்க, போனே சொல்லிப்போடும்,” என்று எதையோ அழுத்தினாள். ஜனவரியில் தன் திருமணம் என்றும், வந்தால் எங்களுக்காகத் தனியாகச் சைவம் சமைக்கச் சொல்வதாகவும் அந்தப் பெண் எழுதியிருப்பதாகப் போன் தமிழில் ஒப்பித்தது. என் மனைவிக்கு முகமெல்லாம் சிரிப்பு. உடனே எழுந்து உள்ளே போய்ப் பாஸ்போர்ட் இருக்கும் பெட்டியை எடுத்து வந்தாள். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு போனை என் பக்கம் திருப்பினாள்.

“இது சொன்னது செரிதானுங்களா?”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தேன். சரி என்றேன். சரியாகத்தான் இருந்தது.